இழுப்பதும் தாங்குவதும்

1859-ஆம் வருஷத்தில், அமெரிக்க ராணுவத்தில் காப்டன் பதவியிலிருந்த ராண்டால்ஃப் மார்ஸி என்பவர், மேற்குத் திசை நோக்கிக் குடிபெயரும் ஜனங்களுக்கு உதவியாக, யுத்த இலாகாவின் ஏற்பாட்டில் ஒரு கைப்புத்தகம் எழுதி வெளியிட்டார். வழியில் தண்ணீர் எங்கே கிடைக்கும், முகாம் எப்படி அமைப்பது, ஆற்றை எப்படிக் கடப்பது என்பன போன்ற விஷயங்களுக்கிடையே, வண்டியில் எதைப் பூட்டுவது என்ற கேள்விக்கும் அவர் நிதானமாகப் பதில் சொல்லியிருக்கிறார். ஆயிரம் மைலுக்கு உட்பட்ட பிரயாணமாக இருந்து, புல்லும் தாராளமாகக் கிடைக்குமானால், வேகமாக நடக்கிற கோவேறு கழுதையைப் பூட்டலாம். மணலிலும் சேற்றிலும் 1,500 மைல், 2,000 மைல் என்று போக வேண்டியிருந்தாலோ, இளம் எருதுகளே கடைசிவரையில் நின்று உழைக்கும் என்பது அவருடைய அபிப்பிராயம். ஆறு கோவேறு கழுதைகளுக்கு 600 டாலர் ஆகிற இடத்தில் எட்டு எருதுகள் 200 டாலர் சுமாருக்கு அகப்பட்டுவிடும் என்றும், ஆகாரம் தீர்ந்துபோன இடத்தில் எருதையே ஆகாரமாக்கிக் கொள்ளலாம் என்றும் அவர் கணக்குப் போடுகிறார். இந்தக் கணக்கில், இரண்டில் எது பலசாலி என்ற கேள்விக்கு முதலிடம் இல்லை.

இன்று அதே தேசத்தில், குதிரைகளை ஏற்றிய பெட்டியையோ, படகையோ, மண்வெட்டும் யந்திரத்தையோ, படுக்கையறையும் அடுப்பங்கரையும் கொண்ட ஒரு சக்கர வீட்டையோ தன் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்க உத்தேசித்து, ஒரு பிக்கப் டிரக் வாங்கப் போகிறவன், விற்பனைக்காரனிடம் முதலில் கேட்பது "எவ்வளவு இழுக்கும்?" என்பதுதான். விளம்பரங்களும் அதற்கே விடை சொல்கின்றன. ஆனால் அந்நாட்டின் பார வண்டிகளுடைய கதையை ஆதியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால், இழுப்பதென்பது எந்தக் காலத்திலும் பெரிய சங்கடமாக இருந்ததில்லை என்பதும், இழுத்துக்கொண்டு வந்ததை இறக்கத்தில் நிறுத்துவதும், அதன் பாரத்தை முதுகில் தாங்குவதும், வெயிலில் உஷ்ணம் மிஞ்சாமல் மேடு ஏறுவதுமே எப்போதும் சங்கடமாக இருந்து வந்தன என்பதும் தெளிவாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பென்ஸில்வேனியா மாகாணத்து லங்காஸ்டர் பிரதேசத்தில் தோன்றிய கானஸ்டோகா வண்டியைச் செய்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள். முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்த அதன் அடித்தட்டு பார்வைக்குப் படகுபோல் இருக்கும். அலங்காரத்துக்காக அப்படிச் செய்யவில்லை. மலைச் சரிவில் சரக்கு நழுவி ஒரு கோடியில் போய் முட்டாதிருக்க வேண்டும் என்பதே நோக்கம். அலிகெனி மலைகளிலிருந்து இறங்கும்போது வண்டிக்காரன் பின்சக்கரத்தைச் சங்கிலியால் பிணைத்தோ, அதன் அடியில் இரும்புக் கட்டை கொடுத்தோ, சக்கரம் உருளாமல் தேய்ந்துகொண்டே வரும்படி செய்வான். குதிரைகள் எத்தனை என்பதைவிட அந்தச் சங்கிலி எத்தகையது என்பதில்தான் அவனுடைய உயிர் இருந்தது.

அமெரிக்கச் சரித்திரத்தில் வண்டிக்குப் பின் வண்டி கோத்து இழுத்ததற்கு மிகவும் பிரசித்தமான உதாரணம், கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் 1883-ஆம் வருஷம் முதல் சுமார் ஆறு வருஷ காலம் நடந்த வெங்காரப் போக்குவரத்து. பள்ளத்தாக்கின் அடியிலிருந்த ஹார்மனி தொழிற்சாலையிலிருந்து மொஹாவே ரயில் நிலையத்துக்கு 165 மைல். ஒரு வழிக்குப் பத்து நாள். இரண்டு பெரிய மரவண்டிகள், அவற்றுக்குப் பின்னால் 1,200 காலன் தண்ணீர் கொண்ட ஒரு தொட்டி வண்டி, ஆக மொத்தம் முப்பத்தாறரை டன் பாரம். பின்சக்கரம் ஒவ்வொன்றும் ஏழடி உயரம். இந்தத் தொடரை இழுத்தவை இருபது கோவேறு கழுதைகள் என்பது உலகப் பிரசித்தம். உண்மையில் பெரும்பாலும் பதினெட்டுக் கழுதைகளும், வண்டியை ஒட்டிப் பூட்டப்பட்ட இரண்டு குதிரைகளுமே.

ஜோடி ஜோடியாகப் பூட்டப்பட்ட அவற்றின் நடுவே, வண்டியின் அச்சிலிருந்து முன்ஜோடி வரையில் ஒரு நீண்ட சங்கிலி ஓடும். மலைப்பாதை வளைகிற இடத்தில், முன்னே போகும் ஜோடிகள் திரும்பிவிட்டால் சங்கிலி வில்லின் நாண்போல் குறுக்கே வலிந்து, வண்டியைப் பாதையை விட்டு உட்பக்கம் இழுத்துவிடப் பார்க்கும். அந்தச் சமயத்தில், வண்டிக்குச் சமீபமாக உள்ள சில ஜோடிகள், வண்டிக்காரன் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாத்திரத்தில், சங்கிலியைத் தாண்டிக் குதித்து வெளிப்பக்கம் போய், மற்றவை இழுக்கும் திசைக்கு விரோதமாகக் கோணலாக இழுத்து, வண்டியை நடுப்பாதையில் நிறுத்தும். இருபது பிராணிகளில் ஆறு, இழுப்பதற்காக அன்றி, இழுப்பைச் சமாளிப்பதற்காகவே பழக்கப்பட்டிருந்தன என்று சொல்லலாம். இறக்கம் வந்தால், வண்டிக்காரனுக்குத் துணையாக வரும் ஆள் இரண்டாவது வண்டிக்குப் போய், அதன் பிரேக்கைப் பிடித்துக்கொள்வான். வண்டிக்காரனும் உதவியாளும் ஆகிய இரண்டே பேர் அத்தனை பாரத்தையும் நடத்திக்கொண்டு போனார்கள். பிற்காலத்தில் அந்தச் சரக்கை விற்றவர்கள் டப்பாவின் மேல் கழுதைகளின் படத்தைப் போட்டார்கள். பிரேக் பிடித்தவனை யாரும் படத்தில் போடவில்லை.

யந்திரம் வந்தபோது ஆரம்பம் மிகவும் சாதாரணமாகவே இருந்தது. 1914-ஆம் வருஷம் டெட்ராய்ட் நகரத்தில் மர வியாபாரியாயிருந்த ஃப்ரெடரிக் ஸிப்லி என்பவர், தமது படகை மிச்சிகன் மாகாணத்தின் வடபகுதியிலுள்ள ஏரிக்குக் கொண்டுபோக விரும்பி, அவ்வூர்க் கொல்லரும் வண்டி செய்பவருமான ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்பவரை நாடினார். ஃப்ரூஹாஃப், படகுக்கு இரண்டு சக்கரத்தில் ஒரு சட்டம் கட்டி, அதன் முன்கோடியை ஸிப்லியின் ஃபோர்டு டி-மாடல் காரின் பின்புறத்தில் ஏறி அமரும்படி இணைத்துக் கொடுத்தார். படகு சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தது. அதைக் கண்ட ஸிப்லி மரம் ஏற்றவும் அதேபோல் ஒன்று வேண்டுமென்று கேட்க, நாளடைவில் 1918-இல் ஒரு டிரெயிலர் கம்பெனியே உண்டாயிற்று. பின்வண்டியின் பாரத்தில் ஒரு பங்கை முன்வண்டி தன் முதுகில் ஏற்றுக்கொண்டால் இரண்டும் ஒழுங்காக ஓடும் என்ற ரகசியம் அந்தக் கொல்லருடைய வேலையிலேயே அடங்கியிருந்தது.

பிக்கப் என்பது அக்காலத்தில் கம்பெனி செய்து விற்கிற சாமான் அல்ல. குடியானவன் கார் ஒன்று வாங்கி, பின்பக்கத்தை வெட்டி, தச்சனிடம் சொல்லி ஒரு பெட்டி அடித்துப் பொருத்திக்கொள்வான். ஃபோர்டு கம்பெனி 1917-இல் ஒரு டன் தாங்கும் டி.டி. என்ற சட்டத்தை விற்றது. அதன்பின் 1925 ஏப்ரலில், பெட்டியும் கனமான பின்வில்லும் சேர்த்து, தொழிற்சாலையிலேயே முடித்த பிக்கப்பை 281 டாலருக்குக் கொண்டுவந்தது. அதன் எஞ்சினுக்கு இருபது குதிரைச் சக்திதான். வைக்கோலும் பால் பாத்திரமும் ஏற்றியவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பின்னால் பெரிதாக எதையும் கட்டி இழுக்க யாரும் நினைக்கவில்லை.

முப்பதுகளில் வீட்டு டிரெயிலர் என்னும் மோகம் பிறந்தபோதும் அதை இழுத்தது பிக்கப் அல்ல, குடும்பக் கார்தான். பாரம் கூடக் கூட, நிறுத்துவது எப்படி என்ற பழைய பிரச்னை திரும்ப வந்தது. விஸ்கான்ஸின் மாகாணத்துப் பெலாய்ட் நகரில், வேகமானி செய்து பெயரெடுத்த ஆர்தர் வார்னர் 1927-இல் தொடங்கிய கம்பெனி, டிரெயிலர்களுக்கு மின்சார பிரேக் செய்து கொடுத்தது. சக்கரத்தின் உட்புறத்தில் ஒரு மின்காந்தம். முன்வண்டியிலிருந்து மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் உருளையின் முகத்தில் ஒட்டிக்கொண்டு, அதோடு சற்றே இழுபட்டு, ஒரு நெம்புகோலைத் தள்ள, அது பிரேக் கட்டைகளை விரிக்கும். எவ்வளவு மின்சாரமோ அவ்வளவு பிடி. எளிமையான அந்த யுக்தி நூறு வருஷம் ஆகப்போகிற இக்காலத்திலும் பெரும்பாலான டிரெயிலர்களில் அப்படியே இருக்கிறது என்பது, நல்ல வேலைப்பாட்டுக்குக் கிடைக்கக்கூடிய பாராட்டுகளில் பெரியது என்று நினைக்கிறேன். ஆனால் அந்த மின்சாரத்தை அளந்து விடும் கருவியை, வண்டி வாங்கியவன்தான் ஒரு மெக்கானிக்கிடம் போய், ஓட்டுநரின் முழங்காலுக்கருகே மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. தொழிற்சாலையிலேயே அதைப் பொருத்தி ஃபோர்டு கம்பெனி பெரிய பிக்கப்பை விற்கத் தொடங்கியது 2005-ஆம் வருஷ மாதிரியில்தான். குதிரைச் சக்தியைக் கூட்டுவதில் காட்டிய அவசரத்தில் பத்தில் ஒரு பங்கையாவது இதில் காட்டியிருக்கலாம்.

யுத்தத்துக்குப் பின், 1948-இல், ஃபோர்டின் எஃப் வரிசை வந்தது. அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று பாரத்தை ஒட்டி வகுத்த அந்தப் பிரிவு, இப்போது அந்த எண்களுக்கும் வண்டி தாங்கும் பாரத்துக்கும் சம்பந்தமே இல்லாமற்போன பின்பும், வழக்கில் நிலைத்துவிட்டது. இதே காலத்தில் ஏர்ஸ்ட்ரீம் என்ற அலுமினிய டிரெயிலரைச் செய்த வாலி பையம், தம் வாடிக்கைக்காரர்களைக் கூட்டமாகத் திரட்டித் தூர தேசப் பிரயாணங்கள் நடத்தினார். 1951-இல் மத்திய அமெரிக்காவை நோக்கிப் புறப்பட்ட 60-க்கு மேற்பட்ட டிரெயிலர்களில் 14 மட்டுமே பிரயாணத்தை முடித்தன. 1959-இல் கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை ஆப்பிரிக்காவின் நெடுக 41 டிரெயிலர்கள் போனபோது, அவற்றில் பலவற்றை இழுத்தவை நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்கப் வகை வண்டிகள். சேறும் பாலமில்லாத ஆறும் உள்ள வழியில், பளபளப்பான நகரக் காருக்கு வேலையில்லை என்பதை அனுபவமே கற்பித்துவிட்டது.

என்றாலும், அமெரிக்கக் குடும்பங்கள் கூட்டமாகக் காரை விட்டு பிக்கப்புக்கு மாறியதற்கு அனுபவத்தைவிடச் சட்டமே காரணம். 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1975-இல் இயற்றிய சட்டத்தின் பயனாக, 1978 மாதிரியிலிருந்து கார்களின் பெட்ரோல் செலவுக்கு உச்சவரம்பு ஏற்பட்டது. இரும்புச் சட்டத்தின்மேல் அமர்ந்த கனமான கார்களும் ஸ்டேஷன் வாகன்களும் சிறுத்து, மெலிந்து, பின்னால் எதையும் கட்டமுடியாதவையாகிவிட்டன. டிரக்குகளுக்கோ விதி தளர்வாக இருந்தது. போதாததற்கு, ஐரோப்பியர் அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்டதற்குப் பதிலாக 1964 முதல் வெளிநாட்டு டிரக்குகளின்மேல் விதித்த 25 சதவீத வரி, போட்டியையும் தடுத்து வைத்திருந்தது. எஃப்-150 என்ற பிரசித்தி பெற்ற வண்டியே, 1975-இல், புகைக் கட்டுப்பாட்டு விதி எட்டாதபடி 6,000 ராத்தலுக்குமேல் மொத்த எடை காட்டுவதற்காகப் பிறந்தது. ஒரு தேசத்தின் ஜனங்கள் எதை ஓட்டவேண்டும் என்பதைக் கோழியும் புகையும் சேர்ந்து தீர்மானித்திருக்கின்றன என்றால், கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனாலும் விஷயம் அப்படித்தான்.

அதற்குப் பிறகு வந்தது டீசல். 1978-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெட்ரோல் எஞ்சின் ஒன்றின் அளவுகளைத் தழுவிச் செய்த 5.7 லிட்டர் டீசல் எஞ்சின், உள்ளே பொங்கும் அழுத்தத்தைத் தலைப்பகுதி ஆணிகள் தாங்கமாட்டாமல் பழுதாகி, டீசல் என்ற பெயரையே ஜனங்கள் வெறுக்கும்படி செய்தது. அந்த அவப்பெயரைத் துடைத்தது 1989-ஆம் வருஷ மாதிரி டாட்ஜ் பிக்கப்பில் வைத்த கம்மின்ஸ் எஞ்சின். விவசாய யந்திரங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் என்று செய்த, சுமார் 1,100 ராத்தல் கனமுள்ள, ஆறு உருளைகள் வரிசையாக நின்ற அந்த எஞ்சினுக்குக் குதிரைச் சக்தி 160 மாத்திரமே. முறுக்கு விசையோ 400 ராத்தல்-அடி. கேட்பதற்கு இரைச்சல், ஓட்டுவதற்கு மந்தம். ஆனால் டிரெயிலரைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் அதன் நடையில் பெரிய வித்தியாசம் தெரியாது. முப்பது வருஷத்தில், 2019-இல், அதே பரம்பரையில் வந்த எஞ்சின் 1,000 ராத்தல்-அடியை எட்டியது. நான் இதில் அதிகமாக மெச்சுவது அந்த ஆயிரத்தை அல்ல, 2007-இல் 6.7 லிட்டர் எஞ்சினோடு வந்த, புகைக்குழாயை அடைத்து எஞ்சினையே பிரேக்காக்கும் ஏற்பாட்டைத்தான். மலையிறக்கத்தில் பிரேக் கட்டைகள் கருகாமல் காப்பாற்றியது அது.

எஞ்சின்கள் பெருக, எண்களும் பெருகின. எவ்வளவு இழுக்கலாம் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி அளந்து, தன் வண்டியே முதன்மை என்று விளம்பரம் செய்தது. எதிரி ஒரு நூறு ராத்தல் கூட்டினால், தான் இருநூறு கூட்டுவது என்ற போட்டியில், உபரிச் சக்கரம், ஜாக்கி, ரேடியோ, நடு ஆசனப் பெட்டி ஆகியவற்றையெல்லாம் கழற்றிவிட்டதாக வைத்துக்கொண்டு கணக்கிட்ட வினோதமும் நடந்தது. இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்ட, மோட்டார் எஞ்சினீயர்களின் சங்கமான எஸ்.ஏ.இ., 2008-இல் ஜே-2807 என்ற பொதுப் பிரமாணத்தை வெளியிட்டது. அதன் பரீக்ஷை நடக்கும் களம், அரிஜோனா மாகாணத்தில், கொலராடோ நதியின்மேலுள்ள டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து மேலேறும் சாலை. 11.4 மைல் தூரத்தில் சுமார் 3,000 அடி ஏற்றம். வெளியே குறைந்தது நூறு டிகிரி பாரன்ஹீட் வெயில். உள்ளே குளிர்சாதனம் முழு மூச்சில் ஓட வேண்டும். முழுப் பாரத்தோடு, மணிக்கு நாற்பது மைலுக்குக் குறையாமல், ரேடியேட்டர் கொதிக்காமல், எந்த உறுப்பும் கெடாமல் ஏறி முடிக்க வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரமுள்ள வண்டிக்கு மட்டும் முப்பத்தைந்து மைல் போதும். பன்னிரண்டு சதவீதச் சரிவில் நின்ற இடத்திலிருந்து ஐந்து நிமிஷத்துக்குள் முன்னுக்கு ஐந்து தடவையும் பின்னுக்கு ஐந்து தடவையும் நகர்ந்து காட்டவும் வேண்டும். ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் இருப்பதாகப் பாவித்து அவர்களுடைய எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பிரமாணத்தை முதலில் ஏற்றது, அமெரிக்கக் கம்பெனி அல்ல. 2011 மாதிரி டுண்ட்ரா பிக்கப்புக்காக ஜப்பானிய டொயோட்டா. அதனால் அதன் எண்கள் குறைந்தன. மற்றவர்கள், எதிரி குறைத்தால் நாமும் குறைக்கிறோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சில வருஷங்களைக் கடத்தி, 2015 சுமாரில்தான் வரிசையாக உள்ளே வந்தார்கள்.

எண் உண்மையாகிவிட்டதால் வாங்குகிறவனுடைய கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. மாட்டுச் சந்தையில் கொம்பையும் திமிலையும் பார்த்து மயங்காமல் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பதுபோல், அனுபவஸ்தன் வண்டியின் கதவைத் திறந்து, நிலைச்சட்டத்தில் ஒட்டியுள்ள சிறு சீட்டைப் பார்ப்பான். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் ஏறக்கூடாது என்று அதில் ஓர் எண் இருக்கும். அரை டன் வகுப்பைச் சேர்ந்த ஒரு பிக்கப், விளம்பரத்தில் 11,000 ராத்தல் இழுப்பதாகவும், சீட்டில் 1,600 ராத்தல் தாங்குவதாகவும் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். கட்டப்போகும் டிரெயிலர், சாமானோடு 9,000 ராத்தல். இழுப்பதற்குத் தாராளமாக இடமிருக்கிறது. ஆனால் டிரெயிலரின் மூக்கு, தன் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரையில் இழுக்கும் வண்டியின் பின்புறத்தில் அமர்ந்தாக வேண்டும். அதற்குக் குறைந்தால் டிரெயிலர் வேகத்தில் வாலாட்டத் தொடங்கி, முன்வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். பதின்மூன்று சதவீதம் என்றால் 1,170 ராத்தல். இணைப்பு இரும்பு ஒரு நூறு. மிச்சம் 330. புருஷனும் மனைவியும் ஏறி உட்கார்ந்தால் கணக்குத் தீர்ந்தது. குழந்தைகளுக்கும் நாய்க்கும் பெட்டியில் வைத்த விறகுக்கும் இடமில்லை.

இதைக் கண்ணாலும் காணலாம். பிக்கப் மெல்லப் பின்னோக்கி வந்து, அதன் பின்புறத்து இணைப்பு உருண்டை டிரெயிலர் மூக்கின் கிண்ணத்துக்கு நேர் அடியில் நின்றதும், ஓட்டுநர் இறங்கி, கைப்பிடியைச் சுற்றி மூக்கைத் தாழ்த்துவார். இணைப்பு கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் தாங்குவதற்காக இரண்டு சங்கிலிகளைக் கீழே குறுக்காக மாட்டுவார். விளக்குக்கும் பிரேக்குக்குமான மின்கம்பியைச் செருகுவார். முட்டுக்கால் முழுவதும் ஏறியவுடன், வண்டி பின்பக்கம் அமுங்கி, முன்விளக்குகள் மரக்கிளைகளைப் பார்க்கும். திருப்பவும் நிறுத்தவும் வேண்டிய முன்சக்கரங்கள் அந்த அளவுக்கு இலகுவாகிவிட்டன என்று அர்த்தம். இதற்குப் பரிகாரமாக, இருபுறமும் வில் கம்பிகளை நெம்புகோலாகப் பூட்டி, பாரத்தில் ஒரு பகுதியை முன்னச்சுக்குத் திருப்பி அனுப்பும் இணைப்பு வெகு காலமாக வழக்கில் இருக்கிறது. அது பாரத்தைப் பங்கிடுமே தவிர, சீட்டிலுள்ள எண்ணைக் கூட்டிவிடாது.

டிரெயிலர் 15,000 ராத்தலுக்குப் போனால், மூக்கைப் பின்னால் தொங்கவிடுவதை விட்டு, ஐந்தாஞ்சக்கரம் என்ற இணைப்பில், பெட்டியின் நடுவே பின்னச்சின்மேல் ஏற்ற வேண்டும். அப்போது இருபது சதவீதம், அதாவது 3,000 ராத்தல், நேரே முதுகில் வந்து இறங்கும். இந்தக் காரணத்தினால்தான் ஒரு டன் வகுப்பும், 1973 மாதிரியில் ஷெவ்ரலே கொண்டுவந்த இரட்டைப் பின்சக்கரமும் அவசியமாயின.

இப்போது மின்சார பிக்கப்புகள் ஓடத் தொடங்கியிருக்கின்றன. 2022-இல் வந்த ஃபோர்டின் மின்சார எஃப்-150, தக்க உபகரணங்களோடு 10,000 ராத்தல் இழுக்கும். நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்கு விசை கிடைப்பதால், சரிவில் நகர்ந்து காட்டுவது அதற்குச் சுலபம். இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காகி, மின்கலத்தையும் ஓரளவு நிரப்பிவிடும். பழைய சங்கடங்களில் இரண்டு தீர்ந்தன. ஆனால் உயரமான டிரெயிலரைக் கட்டியதும், காற்றைக் கிழித்துக்கொண்டு போவதிலேயே சக்தி செலவாகி, ஒரு தடவை நிரப்பினால் போகக்கூடிய தூரம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. மின்னேற்றும் நிலையங்களில் பெரும்பாலானவை, கார் ஒன்று மூக்கை நீட்டி நிற்கிற அளவுக்கே கட்டப்பட்டிருப்பதால், ஓட்டுநர் டிரெயிலரைக் கழற்றி ஓரிடத்தில் விட்டுவிட்டு, வண்டியை மட்டும் கொண்டுபோய் நிரப்பி, திரும்பி வந்து, உருண்டையைக் கிண்ணத்துக்கு நேரே கொண்டுவந்து, சங்கிலி, மின்கம்பி எல்லாவற்றையும் மறுபடி மாட்ட வேண்டியிருக்கிறது. டிரெயிலரோடு நேரே உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படியான நிலையங்களை இப்போதுதான் ஆங்காங்கே கட்டிக்கொண்டு வருகிறார்கள்.